பிடியரிசியும் பிரிவி கௌன்சிலும்

ஒரு சமூகம் தாழ்நிலையினின்று எழுந்து தலைநிமிர்ந்த வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இருவகைச் சான்றுகள் எதிர்ப்படும். அவற்றுள் ஒன்று, நியாயத்தலங்களிலும் அரசாங்கப் பதிவேடுகளிலும் எழுதப்பட்டு, ஆண்டும் நாளும் வாதி பிரதிவாதிகளின் பெயரும் தெளிவுறக் காட்டி நிற்பது. மற்றொன்று, ஏட்டில் ஏறாது, அடுக்களையிலும் கடைத்திண்ணையிலும் நாள்தோறும் நிகழ்ந்து, நிகழ்த்தினோர் மறைந்தவுடன் தானும் மறைந்துபோவது. முன்னதனைக் கண்டறிதல் எளிது. ஆதலின் நம் வரலாறு கூறுவோர் பெரும்பாலும் அதனையே விரித்துரைத்து, பின்னதனைப் பற்றி ஓரிரு வாக்கியங்களுடன் அமைகின்றனர். ஆயின் நம்மை உயர்த்தியது இவ்விரண்டனுள் எது என்று நடுநிலையோடு சீர்தூக்கிப் பார்ப்பின், விடை நாம் எதிர்பார்த்தவாறு இராது.

இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதை பேசுதல் அன்று. நம் சங்கத்தில் ஆண்டுதோறும் இளைஞர் சிலர் தொண்டு செய்ய முன்வருகின்றனர். ஊராரின் குறைகளை அதிகாரிகள்பால் எடுத்துரைத்து முறையிடுவதும், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குப் பொருள் திரட்டுவதும் அவர்க்கு இடப்படும் பணிகள். அப்பணிகளை எம்மனப்பான்மையோடு மேற்கொள்ளுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு, நம் முன்னோர் செய்த இரண்டு முயற்சிகளே விடை கூறும். ஒன்று, 1889ஆம் ஆண்டில் விருதுநகரில் கண்ட பள்ளிக்கூடம். மற்றொன்று, 1897ஆம் ஆண்டில் கமுதியில் தொடங்கி, 1908ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்துப் பிரிவி கௌன்சிலில் முடிந்த வழக்கு. இவ்விரண்டனையும் அருகருகே வைத்து நோக்குவோமாக.

மகமையும் உறவின்முறையும்

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், செம்மணல் தேரிகளின் நடுவே பனையை நம்பி வாழ்ந்தோர் நம் முன்னோருள் பெரும்பாலார். ஆண்டில் சில திங்களே பதநீர் சுரக்கும். எஞ்சிய காலம் கருப்பட்டியை விற்றும் கடன்பட்டும் கழியும். அவருள் சிலர் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கி வாணிகத்தின்பொருட்டுச் சென்றனர். 1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் முடிந்து, நாடு கும்பினியாரின் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர் வழிப்பயணம் முன்னையினும் அச்சம் குறைந்ததாயிற்று. ஆகவே வாணிகம் பெருகிற்று. வணிகர் தங்கும் இடங்களில் வண்டியும் சரக்கும் இரவில் காப்புடன் இருத்தற்பொருட்டு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்துக்கொண்டனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களும் இங்ஙனம் நம்மவர் நிலைகொண்ட ஊர்களாய்ப் பெயர்பெற்றன.

அவ்வூர்களில் நம்மவர் அந்நியராய் வந்து குடியேறினவர். நிலமும் இல்லை, அதிகாரமும் இல்லை, கோயிலுள் நுழையும் உரிமையும் இல்லை. ஊர்ப்பொதுக் கிணறும் பல இடங்களில் மறுக்கப்பட்டது. இந்நிலையில் அவர் கண்ட கருவி மகமை என்பது. ஒவ்வொரு வணிகனும் தான் விற்கும் சரக்கின் அளவுக்கேற்பச் சிறு தொகை ஒன்றனைப் பொதுநிதிக்குக் கொடுப்பான். அந்நிதியை ஆள்வது உறவின்முறை. அதன் கணக்கு ஊரார் முன்னிலையில் படிக்கப்படும். கிணறு வெட்டுதலும், பேட்டை காத்தலும், கோயில் எடுத்தலும், பின்னர்ப் பள்ளிக்கூடம் நிறுவுதலும் இந்நிதியினின்றே நடைபெற்றன. அரசன் கொடுத்த மானியம் அன்று. பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையும் அன்று. மூட்டை தூக்குவோன் முதல் மொத்த வியாபாரி வரை தத்தம் அளவில் கொடுத்த காசே அது.

மகமையின் சிறப்பு அதன் தொகையில் இல்லை என்பது இங்கே உணரத்தக்கது. கொடுப்பவன் எவனும் கணக்குக் கேட்கும் உரிமையுடையவன் ஆகின்றான். கணக்குக் கேட்பவன் பொதுக்காரியத்தில் தனக்கும் பங்குண்டு என்று அறிகின்றான். பிறர்பால் முறையிடுதற்கு முன்னர்த் தம்முள் முறைசெய்துகொள்ளக் கற்றனர் நம் முன்னோர். இதுவே பின்வந்த எல்லா முயற்சிகட்கும் அடிப்படை.

பிடியரிசி

விருதுநகர் அக்காலத்தில் விருதுபட்டி என வழங்கிற்று. பருத்தியும் எண்ணெய் வித்தும் மிளகாயும் அங்கே குவிந்தன. கடைகள் பெருகின; ஆனால் கடைக்கணக்கு எழுதுதற்கு அப்பாற்பட்ட கல்வி நம் பிள்ளைகட்கு அரிதாய் இருந்தது. அரசாங்கத்திற்கு விண்ணப்பம் எழுதுவதாயினும், கோர்ட்டில் வாதாடுவதாயினும் பிறர் துணையையே நாடுதல் வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க 1889ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது.

பள்ளிக்கூடத்தைத் தொடங்குதல் எளிது. திங்கள்தோறும் ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுத்து நடத்துதலே அரிது. மகமை நிதி ஒருபுறம் உதவிற்று. மறுபுறம் உதவியது பிடியரிசி. வீட்டுத் தலைவி உலையில் அரிசி இடுதற்கு முன், நாள்தோறும் ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் இட்டு வைப்பாள். வாரந்தோறும் தொண்டர் வீடுவீடாய்ச் சென்று அதனைத் தொகுத்து வருவர். தொகுத்த அரிசி காசாகிப் பள்ளிக்கூடத்திற்குச் சேரும். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழிக்கு இதனினும் தக்க சான்று வேறில்லை.

இவ்வழக்கத்தை நினைக்குந்தோறும் என் உள்ளத்தைக் கவர்வது ஒன்று. அரிசி கொடுத்த அம்மையாருள் பெரும்பாலார் எழுத்தறியாதவர். தாம் வளர்க்கும் பள்ளியில் தம் பெண்மக்கள் பயில்வர் என்னும் நம்பிக்கையும் அக்காலத்தில் அவர்க்கு இருந்திருத்தல் அரிது. ஆயினும் அன்றாடம் கொடுத்தனர். ஒருநாள் ஓர் உணர்ச்சியால் நூறு கொடுத்தல் பலர்க்கு இயலும். நாள்தோறும் ஒரு பிடி, தன் வீட்டு உலையினின்றே குறைத்து, ஆண்டுக்கணக்கில் கொடுத்தல் நெஞ்சுரம் உடையார்க்கே இயலும். அவ்வம்மையாரின் பெயர்கள் எக்கல்வெட்டிலும் இல்லை.

கமுதி வழக்கு

இனி மற்றைய முயற்சியைக் காண்போம். இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயம் உள்ளது. அதன் பரம்பரைத் தருமகர்த்தா சேதுபதி மன்னர். 1897ஆம் ஆண்டு மே மாதத்தில் நம்மவர் சிலர் அவ்வாலயத்தினுள் புகுந்து வழிபட்டனர். ஆலயம் தீட்டுப்பட்டது எனக் கூறி, அக்காலத்து மன்னராய் இருந்த பாஸ்கர சேதுபதி அவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். ஒருபுறம், ‘இவர்கள் கோயிலுள் புகுதல் வழக்கத்திற்கு மாறானது’ என்பது வாதம். மறுபுறம், ‘யாங்கள் பாண்டியர் வழிவந்த க்ஷத்திரியர்; ஆதலின் எமக்கு உரிமையுண்டு’ என்பது எதிர்வாதம்.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நாட்டில் பகைமை மூண்டது. சிவகாசியிலும் கோயில் நுழைவு பற்றிய பூசல் முற்றி, 1899ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் பெருங்கூட்டத்தார் அவ்வூரைத் தாக்கினர். வீடுகள் எரியுண்டன, இருதிறத்தும் உயிர்கள் மடிந்தன. அக்கலகம் அண்டை ஊர்கட்கும் பரவிற்று. அவ்வாண்டிலேயே மதுரைச் சப்கோர்ட்டில் நம்மவர்க்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. சென்னை ஹைகோர்ட்டும் அதனை உறுதிசெய்தது. அதன்மேலும் தளராது, ஊர்தோறும் பொருள் திரட்டிப் பிரிவி கௌன்சிலுக்கு மேல்முறையீடு செய்தனர். 1908ஆம் ஆண்டில் அங்கும் வழக்குத் தோற்றது. வழக்கமே வென்றது, வரலாறு காட்டிக் கேட்ட உரிமை வீழ்ந்தது.

இவ்வழக்கை எதிர்த்து நடத்தித் துன்புற்றோரை யாம் குறைகூறுதற்கில்லை. தான் வணங்கும் தெய்வத்தின் முன் நிற்கக்கூடாது என்று ஒருவன் தடுக்கப்படுதலினும் கொடிய இழிவு வேறு யாது? அத்தடையை உடைக்க முற்பட்டோரின் வீரம் போற்றத்தக்கதே. ஆயினும் அவர் கையாண்ட வாதத்தை இன்று அமைதியாய் ஆராய்தல் நம் கடமை. ‘எம்மைத் தடுத்தல் தவறு’ என்றார்களேயன்றி, ‘எவரையும் தடுத்தல் தவறு’ என்று அவர்கள் கூறவில்லை. ‘யாங்கள் உயர்ந்தோர் வரிசையைச் சார்ந்தவர், எம்மைக் கீழோர் வரிசையில் வைத்தது பிழை’ என்பதே அவ்வாதத்தின் உட்பொருள். அஃதாவது, கோயிற் கதவு சிலர்க்கு மூடியிருத்தல் தகும் என்பதனை ஒப்புக்கொண்டு, தாம் மட்டும் அக்கதவின் உட்புறத்தார் என்று நிறுவ முயன்றனர். வரிசையை ஒப்புக்கொண்ட பின்னர், வரிசையில் தம் இடம் யாது என்பதனை வரிசை வகுத்தோரே தீர்மானிப்பர் அன்றோ? தோல்விக்குக் காரணம் பல இருக்கலாம். ஆயினும் வாதத்தின் இக்குறைபாடு வெள்ளிடை மலைபோல் விளங்குகின்றது.

கதவு திறந்த விதம்

பிரிவி கௌன்சிலில் தோற்ற பின் நம்மவர் சோர்ந்து அமரவில்லை. 1910ஆம் ஆண்டில் பொறையாறு ராவ்பகதூர் இரத்தினசாமி நாடார் அவர்களின் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. கல்வி உதவியும், கைத்தொழில் வளர்ச்சியும், அரசாங்கத்தின்பால் முறையீடும் அதன் நோக்கங்களாயின. அச்சங்கத்தார் இடைவிடாது செய்த விண்ணப்பங்களின் பயனாய், 1921ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் தம் ஆவணங்களில் ‘சாணார்’ என்னும் பெயரை நீக்கி ‘நாடார்’ என வழங்க உத்தரவிட்டனர். அதே ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் பாங்கு நிறுவப்பட்டது. 1962ஆம் ஆண்டில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு எனப் பெயர் மாறி இன்றும் நிலவுவது அதுவே. பெயர் மாற்ற விண்ணப்பம் வென்றதன் காரணத்தை ஊன்றி நோக்குக. எம்மை இப்பெயரால் அழையுங்கள் என்று கேட்பதால் வேறெவர்க்கும் யாதொரு குறைவும் இல்லை. மற்றொருவன் தலைமேல் காலூன்றி எழும் கோரிக்கை அன்று அது.

இதனினும் ஒருபடி மேற்சென்றவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டிய நாடார் அவர்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராய் இருந்தபோது, ஆதிதிராவிட மக்களை ஏற்றிச்செல்ல மறுக்கும் மோட்டார் பஸ்களின் லைசென்ஸ் ரத்துச் செய்யப்படும் என உத்தரவிட்டார். நம் மரபினர் இழிவுற்று வாழ்ந்த அதே ஜில்லாவில், நம் மரபினர் ஒருவர் கைக்கு அதிகாரம் வந்தபோது, அதனை அவர் முதற்கண் பயன்படுத்தியது பிறர்க்காக என்பது நினைந்து நினைந்து மகிழத்தக்கது. 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டிற்குத் தலைமை வகித்தவரும் அவரே.

பின்னர் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் வைத்தியநாத ஐயர் அவர்கள் தலைமையில் ஒரு சிறு குழு நுழைந்தது. அக்குழுவில் கக்கன் அவர்கள் உட்பட ஆதிதிராவிட மரபினர் ஐவர். அவரோடு விருதுநகரைச் சேர்ந்த எஸ். எஸ். சண்முக நாடார் அவர்கள். அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசச் சட்டமும், 1947ஆம் ஆண்டில் அதனினும் விரிந்த சட்டமும் நிறைவேறின. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தீண்டாமையையே ஒழித்துவிட்டது.

அன்பர்களே! கமுதியையும் மதுரையையும் ஒருங்கு வைத்துப் பாருங்கள். 1897ஆம் ஆண்டில் ‘யாம் வேறு, அவர் வேறு’ என்று சொல்லிக்கொண்டு கோயிலுள் புகுந்தோம். பதினோராண்டு வழக்காடி, பெரும்பொருள் செலவிட்டு, வெளியே நிறுத்தப்பட்டோம். 1939ஆம் ஆண்டில் நம்மவர் ஒருவர், நமக்கும் கீழாக வைக்கப்பட்டிருந்த ஐவரோடு தோளோடு தோள் இணைந்து புகுந்தார். கதவு திறந்தது, மீண்டும் மூடவில்லை. நமக்கென்று தனிக்கதவு ஒருநாளும் திறந்ததில்லை. எல்லார்க்கும் திறந்தபோதே நமக்கும் திறந்தது. இக்கட்டுரையால் யான் கூற விரும்புவது இவ்வொன்றே.

பிடியரிசிக்கு வருவோம். அப்பள்ளியின் பெயரில் ‘க்ஷத்திரிய’ என்னும் சொல் இருந்தது. அப்பெயர் கமுதி வழக்கில் தோற்ற அதே உரிமையைப் பறைசாற்றியது. ஆயின் அரிசி அவ்வாறு எதனையும் பறைசாற்றவில்லை, பிள்ளைகட்கு எழுத்தறிவித்தது. அங்குப் பயின்றோருள் ஒருவர் 1903ஆம் ஆண்டில் பிறந்த காமராசர். வறுமையால் படிப்பை இடையில் நிறுத்தியவர், 1954 முதல் 1963 வரை இந்நாட்டின் முதலமைச்சராய் இருந்து, ஊர்தோறும் பள்ளிகள் திறக்கச் செய்தார்; 1956ஆம் ஆண்டு முதல் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவும் அளிக்கச் செய்தார். அவ்வுணவுப் பந்தியில் இன்ன சாதிப் பிள்ளைக்கு என்று எழுதப்படவில்லை. ஓர் ஊரின் அடுக்களைகளில் ஒரு மரபினர் எடுத்து வைத்த பிடி அரிசி, இரண்டு தலைமுறை கழித்து, எல்லா மரபுப் பிள்ளைகளின் தட்டிலும் சோறாய் விழுந்தது எனக் கூறின், அது மிகையாகாது. பிரிவி கௌன்சில் வழக்கால் நாம் பெற்றது ஒரு தீர்ப்பின் நகல். பிடியரிசியால் நாடு பெற்றதோ இத்துணை.

தொண்டன் கற்பன

இவ்வரலாறு இன்றைய தொண்டர்க்கு எங்ஙனம் பயன்படும் என வினவலாம். பொருள் திரட்ட வீடுவீடாய்ச் செல்லும் பணி பலர்க்கு இழிவாய்த் தோன்றுகின்றது. பணத்தைக் கைப்பேசி வாயிலாகவே அனுப்பிவிடலாமே, நடப்பது எதற்கு என்பர். பணம் வருவது ஒரு பயன். வாயிற்படியில் நிற்பது மற்றொரு பயன். எவ்வீட்டில் பிள்ளை பள்ளியை விட்டு நின்றான், எவ்வீட்டில் முதியோர் உதவித்தொகை மூன்று திங்களாய் வரவில்லை, எவ்வீட்டில் பட்டாவில் இறந்தவர் பெயரே இன்னும் உள்ளது என்பன வாயிற்படியில் நின்றார்க்கே தெரியும். அங்ஙனம் நிற்கப் பழகிய இளைஞன் ஓராண்டில் கேட்கக் கற்கின்றான். ஈராண்டில் பொறுக்கக் கற்கின்றான். பேச்சாற்றல் அதன் பின்னரே வரட்டும்.

அடுத்து, முறையிடும் கருவிகள் இன்று மிகுதி. கிராமசபை ஆண்டிற்கு ஆறு முறை கூடுகின்றது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகின்றது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்து, 30 நாளுக்குள் விடை பெறலாம். நம் பாட்டனார் இலண்டன் வரை சென்றும் பெறாத செவியை நாம் நம் ஊர்ச் சாவடியிலேயே பெறுகின்றோம். இக்கருவிகளைப் பழகாதிருத்தல் நம் சோம்பலே.

தமிழாசிரியனாய் இருத்தலின், மனு எழுதித் தருமாறு என்னை நாடி வருவோர் பலர். அவ்வநுபவத்தால் கண்ட சில விதிகளை இங்கே தருகின்றேன். ஒரு மனுவில் ஒரு குறையே இருத்தல் வேண்டும். நாள், இடம், அளவு இம்மூன்றும் பிழையற வேண்டும். அதிகாரியைப் புகழ்தலும் ஆகாது, பழித்தலும் ஆகாது. நகல் ஒன்று கையில் இருத்தல் வேண்டும். பெற்றுக்கொண்டமைக்கு அடையாளமும் வேண்டும். இவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு: அக்குறையால் துன்புறுவோர் எல்லாரும் கையெழுத்திட்டனரா என்று பார்த்தல்.

எம்மூரில் குடிநீர்க் குழாய் பற்றி ஒரு மனு எழுத நேர்ந்தது. நம்மவர் வாழும் தெருவார் பெயர்களே அதில் முதலில் எழுதப்பட்டிருந்தன. அக்குழாயோ நம் தெருவைக் கடந்து பின்தெருவிற்கும் செல்வது. அங்கு வாழ்வோர் வேறு மரபினர். அவர்களையும் சேர்த்தால் நம் கோரிக்கை நீர்த்துப்போகும் என்றனர் சிலர். அவ்வேளை திண்ணையில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் ஒருவர், “குழாய்க்குத் தெரு தெரியுமா, வாத்தியாரையா?” என்றார். அவ்வொரு வினாவால் வாதம் முடிந்தது. இருதெருவாரும் கையெழுத்திட்டனர். மனுவைக் கொடுக்கச் சென்றபோது இருதெருப் பெண்டிரும் உடன் வந்தனர். சின்னாளில் குழாய் பழுது பார்க்கப்பட்டது. தண்ணீர் வந்ததினும் மேலாக, அதுகாறும் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதியாதிருந்த இருதெருவாரும் அதன்பின் நல்லது கெட்டதற்குச் சென்றுவரத் தொடங்கியதே யான் கண்ட பெரும்பயன்.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

இவற்றையெல்லாம் கருதி, நம் சங்கத்து அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன்.

முதலாவது: நம் முன்னோரின் மகமைக் கணக்கேடுகளும், விண்ணப்ப நகல்களும், சங்கக் கூட்டக் குறிப்புகளும் பல வீடுகளின் பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போது அவை பழைய காகிதக் கடைக்குச் செல்கின்றன. அவற்றைத் திரட்டிப் படியெடுத்துக் காத்தல் வேண்டும். வீட்டிலுள்ள மூதாட்டியரைக் கேட்டு, பிடியரிசி கொடுத்த அம்மையாரின் பெயர்கள் நினைவில் இருப்பின் அவற்றையும் எழுதி வைத்தல் வேண்டும். கோர்ட்டுக்குச் சென்றோர் பெயர் சட்டப்புத்தகத்தில் உண்டு. அரிசி கொடுத்தோர் பெயர் நம் ஏட்டிலாவது இருக்கட்டும்.

இரண்டாவது: உறவின்முறையில் கணக்குப் படித்தல் என்பது ஒரு சடங்காய்க் குறுகிவிடாதிருத்தல் வேண்டும். பெண்மக்களும் இளைஞரும் அமர்ந்து கேட்கும் வேளையில் கணக்குப் படிக்கப்படுவதாக. கேள்வி கேட்போரை எதிரியென்று கருதாதிருப்போமாக. தம் கணக்கைத் திறந்து வைத்தோர்க்கே அரசாங்கத்தின் கணக்கைக் கேட்கும் தகுதியுண்டு.

மூன்றாவது: நம் கல்வி உதவி நிதியில் ஒரு பங்கேனும், நாம் வாழும் ஊரிலுள்ள பிற மரபு ஏழைப் பிள்ளைகட்கு, சிறப்பாகப் பின்தெருப் பிள்ளைகட்கு, ஒதுக்கப்படுதல் வேண்டும். இதனைக் கேட்டவுடன், “நம் முன்னோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது நம் பிள்ளைகட்கு அன்றோ? நம்மிடையே ஏழைகள் இல்லையா?” என்று சிலர் கூறுவர் என்பதனை யான் அறிவேன். நம்மிடையே ஏழைகள் உளர். அவர்க்கு உதவுதல் குறையக்கூடாது. நிதியைப் பெருக்கியே இப்பங்கை ஒதுக்குதல் வேண்டும். ஆயின் நம் பொருள் நமக்கே என்னும் வாதம் எங்கே இட்டுச் செல்லும் என்பதனைக் கமுதி நமக்குக் காட்டியுள்ளது. எம் கோயில் எமக்கே என்று கூறிய பிறரால்தான் நாம் வாயிலில் நிறுத்தப்பட்டோம். அதே சொல்லை இன்று நாம் வேறொரு பிள்ளையை நோக்கிக் கூறுவோமாயின், அன்று நம் பாட்டனார் சிந்திய கண்ணீருக்கு என்ன பொருள்? நம் மரபினர் நிறுவிய கல்லூரிகளில் இன்று எல்லா மரபுப் பிள்ளைகளும் பயில்கின்றனர்; அதனால் அவற்றின் பெருமை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. கல்லூரியில் நேர்ந்தது நம் சிற்றூர்ச் சங்கத்திலும் நேரட்டும்.

ஒரு சமூகத்தின் பெருமை அது எவர் வழிவந்தது என்பதில் இல்லை. அதன் வழியே எவரெவர் நடந்து செல்ல முடிகின்றது என்பதில் உள்ளது. பாண்டியர் வழியினர் என்று நிறுவப் பிரிவி கௌன்சில் வரை சென்றவரையும் வணங்குவோம். ஆயின் பின்பற்றுவது, உலையினின்று ஒரு பிடி எடுத்து வைத்த அம்மையாரை ஆகட்டும். இளைஞர்காள்! பை ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள். நம் தெரு முடிந்தவுடன் திரும்பிவிடாதீர்கள், பின்தெருவிற்கும் செல்லுங்கள். அங்குள்ளோர் கொடுப்பதையும் வாங்குங்கள்; அவர்தம் குறையையும் கேட்டெழுதுங்கள்.

வாழ்க நம் சங்கம்! வளர்க பொதுத்தொண்டு!